ரத்த அழுத்த மேசையிலிருந்து உறுப்புதானப் பதிவு வரை: சிறுபான்மையினருக்கான முகாம் நடத்தும் முறை

அமெரிக்காவில் மாற்று உறுப்புக்காகக் காத்திருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது சிறுநீரகம். பட்டியலில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர், லத்தீன் வம்சாவளியினர், ஆசியர் முதலான சிறுபான்மையினர். சிறுநீரகத்தைக் கெடுப்பதில் சர்க்கரை நோய்க்கு முதலிடம், அடுத்தது ரத்த அழுத்தம். ஆகவே தானத்தை மட்டும் பேசும் முகாம் பாதி வேலைதான். ஹோவர்டு பல்கலைக்கழக அறுவை மருத்துவர் கிளைவ் காலெண்டர் 1991-ல் தொடங்கிய மாட்டெப் (சிறுபான்மையினருக்கான உறுப்பு, திசு மாற்று விழிப்புணர்வுத் திட்டம்), தானத்தோடு நோய்த்தடுப்பையும் சேர்த்தே சமூகங்களிடம் கொண்டுபோனது. அதே வழியில் செல்லுங்கள்.

மக்கள் ஏற்கெனவே நம்பி வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: தேவாலயக் கூடம், கோயில், மசூதி, முடிதிருத்தகம். லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்கள் வரும் முடிதிருத்தகங்களுக்கே மருந்தாளுநர்கள் போய்ச் சிகிச்சை தந்தபோது, ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியதாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

முதல் மேசை ரத்த அழுத்தத்துக்கு. பெரும்பாலான முகாம்கள் தவறுவது இங்கேதான். வந்தவரை உடனே அளக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் காபியோ சிகரெட்டோ குடித்தாரா என்று கேளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். தொங்கவிட்டால் அளவு கூடும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். மேற்கையின் சுற்றளவை அளவு நாடாவால் பாருங்கள்: 27 முதல் 34 செ.மீ. வரை சாதாரணப் பட்டை, 35 முதல் 44 வரை பெரியது. பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். நல்ல மனிதரை வீணாகப் பயமுறுத்தி அனுப்புவீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து சராசரியை எழுதிக் கொடுங்கள்.

130/80-க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 180/120-ஐத் தாண்டினால் சில நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 911 அவசர எண்ணை அழையுங்கள்.

அளவு எழுதிய சீட்டிலேயே இரண்டு பரிசோதனைகளின் பெயரையும் குறியுங்கள்: ரத்தத்தில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்ற கணக்கு), சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம். சிறுநீரக நோய் முற்றும்வரை வலிக்காது, அதனால் இவை இல்லாமல் தெரியாது. இஜிஎஃப்ஆர் மூன்று மாதத்துக்கு மேலாக 60-க்குக் கீழே நின்றால் நோய் என்று பொருள். சிறுநீர்ப் பரிசோதனையில் ஆல்புமின் 30 மி.கி./கிராமுக்கு மேல் போவதும் எச்சரிக்கையே. ஆசியர்கள் உடல் மெலிந்திருந்தாலும் சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் நிறை எண் 23-லிருந்தே அவர்களுக்குப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்குகிறவர்களிடம், அவை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பதையும் பேசுங்கள்.

ஏற்கெனவே சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் கறுப்பினத்தவர் யாராவது வந்தால் ஒன்றை அவசியம் சொல்லுங்கள். இனத்தைக் கணக்கில் சேர்த்த பழைய இஜிஎஃப்ஆர் சூத்திரம், அவர்களுடைய சிறுநீரகம் உண்மையைவிட நன்றாக வேலை செய்வதாகக் காட்டியது. அதனால் பட்டியலில் சேரத் தாமதமானது. 2022-ல் அந்தச் சூத்திரத்துக்குத் தடை வந்தது, 2023 ஜனவரி முதல் இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தருகிறார்கள். "என் காலம் திருத்தப்பட்டதா?" என்று மாற்று சிகிச்சை மையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

தான மேசை இதற்குப் பிறகு, தனியாக. "பதிவு செய்தால் டாக்டர் காப்பாற்ற மாட்டார்" என்ற பயம் முதலில் வரும். மருத்துவத்தால் காயப்பட்ட வரலாறு உள்ள சமூகத்திடம் அதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. உயிர் காக்கும் குழு வேறு, உறுப்பு எடுக்கும் குழு வேறு. இறப்பு உறுதியான பிறகே உறுப்பு எடுக்கப்படும். தானத்துக்கான செலவு குடும்பத்தின் தலையில் விழாது. சவப்பெட்டியைத் திறந்துவைத்து அஞ்சலி செலுத்தவும் முடியும். உறுப்பு ஒதுக்குவதில் இனம் பார்ப்பதில்லை. ஆனால் ரத்த வகையும் திசுப் பொருத்தமும் ஒரே வம்சாவளியினரிடம் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். பி வகை ரத்தம் கறுப்பினத்தவரிடமும் ஆசியரிடமும் கூடுதலாகக் காணப்படுவது ஓர் உதாரணம்.

வாகன உரிம அலுவலகத்திலோ இணையத்திலோ பதிவு செய்யலாம். 18 வயது நிரம்பியவரின் பதிவே சட்டப்படி சம்மதம். ஆனாலும் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நோய் விவரங்களைக் குடும்பத்திடம்தான் கேட்பார்கள். "அம்மா, நான் உறுப்புதானத்துக்குப் பதிவு பண்ணியிருக்கேன், உங்ககிட்ட கேட்டா சொல்லிடுங்க" என்பது போதும். மேசையை விட்டு எழுமுன் போனில் அந்த ஒரு செய்தியை அனுப்பவைத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, அளவு கூடியிருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மருத்துவரைப் பார்த்தாரா என்று கேளுங்கள். போன் எண்களை முகாம் அன்றே அனுமதியோடு வாங்கி வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.