கொரோலா 121இன் கசற் செற்றுக்குள் புளூடூத் பூட்டுவது

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாஸ்ரர் தன் கொரோலாவை என் வாசலில் நிற்பாட்டிவிட்டுச் சொன்னது இதுதான்: “தம்பி, இந்த செற்றைக் கழட்டிப்போட்டு பெரிய ஸ்கிரீன் பூட்டச் சொல்லி எல்லாரும் சொல்லுகினம். எனக்கு அது வேண்டாம். போனில இருக்கிற தெட்சணாமூர்த்தியின்ர தவில் இதில கேட்டால் காணும்.”

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ரேடியோ திருத்துகிறவன். மாஸ்ரர் கேட்டது நியாயமான ஆசை. 121 என்ற இந்த மாடலில் ஜப்பானிலேயே பூட்டி வந்த கசற்–சீடி செற் இருபது வருடம் தாண்டியும் நன்றாகப் பாடுகிறது. பொத்தான்களின் வெளிச்சம் டாஷ்போர்ட்டோடு ஒத்துப்போகிறது. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் தொடங்கும்வரை இந்தக் கார்களைச் சனம் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தது என்பதும் தெரிந்ததே. குறை ஒன்றுதான்: போன் பாடுவதை உள்ளே எடுக்க அதற்கு வழியில்லை. அந்த வழியை எப்படித் திறப்பது என்பதை, நான் பிழைவிட்டுத் திருந்திய இடங்களோடு எழுதுகிறேன்.

முதலில் உங்கள் செற்றின் முகத்தை வடிவாகப் பாருங்கள். AUX என்ற துவாரம் இருந்தால் இதற்குமேல் வாசித்து மினக்கெட வேண்டாம். சிறிய புளூடூத் ரிசீவர் ஒன்றை வாங்கி அதில் செருகினால் வேலை முடிந்தது. 121 போன்ற கார்களில் பெரும்பாலும் அது இராது.

எஃப்.எம். ட்ரான்ஸ்மிற்றர் ஏன் சரிவராது

லைற்றர் துவாரத்தில் செருகி, போனின் பாட்டை ரேடியோ அலையாக செற்றுக்கு அனுப்பும் எஃப்.எம். ட்ரான்ஸ்மிற்றரைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். மாஸ்ரரும் இரண்டு வாங்கியிருந்தார். ஜப்பான் செற்றில் அது இடறுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த செற்கள் வந்த காலத்தில் அங்கே எஃப்.எம். அலைவரிசை 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. 90க்கு மேலே 108 வரை அந்தக் காலத்தில் தொலைக்காட்சியின் முதல் மூன்று சனல்கள் இருந்தன. நமது நாட்டில் வானொலி நிலையங்கள் 88இலிருந்து 108 வரை. அதனால்தான் இங்கே வரும் கார்களுக்கு அன்ரனா வயரின் இடையில் பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியைப் பூட்டுகிறார்கள். வரும் அலைவரிசை முழுவதையும் அது ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். 16 இறக்கும் பெட்டியென்றால் 104இல் வரும் நிலையம் செற்றில் 88 என்று காட்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ட்ரான்ஸ்மிற்றரை 98இல் வைத்துவிட்டு செற்றில் 98ஐத் தேடினால் ஒருநாளும் கிடைக்காது. அதே பெட்டி இருக்கும் காரில் 82இல் தேட வேண்டும். பெட்டி எவ்வளவு இறக்குகிறது என்று தெரியாவிட்டால், தெரிந்த ஒரு நிலையத்தைப் பிடித்து, அதன் உண்மையான எண்ணிலிருந்து செற் காட்டும் எண்ணைக் கழியுங்கள். பெட்டியே இல்லாத காரென்றால் 88க்கும் 90க்கும் இடைப்பட்ட சின்ன இடம்தான் மிச்சம். அங்கே வெறுமையாக ஓர் எண்ணைக் கண்டுபிடித்தாலும், யாழ்ப்பாணத்தில் வெறுமையாக இருந்த எண் ஏ9 வீதியால் வவுனியா போகும்போது வெறுமையாக இராது. பாதியில் வேறொரு நிலையத்தின் விளம்பரம் தவிலுக்குமேல் ஏறி உட்காரும். அவசரத்துக்கு உதவும் சாமான், அவ்வளவுதான்.

காரைத் திறக்கவே மனமில்லாதவர்களுக்கு கசற் அடாப்ரர் அதைவிட நல்லது. கசற் வடிவத்திலேயே இருக்கும்; உள்ளே நாடாவுக்குப் பதிலாக ஒரு சிறிய தலை, செற்றின் தலைக்கு காந்தத்தால் ஒலியைக் கொடுக்கும். பற்றரியோடு வரும் புளூடூத் வகையும் இருக்கிறது. செற்றின் தலையைத் துணியில் தொட்ட ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்துவிட்டுப் போட்டால் பேச்சும் பாட்டும் தெளிவாக வரும். ஆனால் பல்சக்கரங்களின் கரகரப்பு மெல்லிய இடங்களில் கேட்கும். தனி ஆலாபனை கேட்கிறவருக்கு அது பொறுக்காது.

செற்றைக் கழற்றுவது

மிச்சமிருப்பது, போனின் ஒலியை வாங்கும் சின்னப் புளூடூத் பலகை (சர்க்கிற் போர்ட்) ஒன்றை செற்றோடு வயரால் இணைப்பது. அதற்கு செற்றை வெளியே எடுக்க வேண்டும். திறப்பை எடுத்துவிட்டு பற்றரியின் மறை (−) முனையைக் கழற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: உங்களுடையது நவிகேஷன் உள்ள ஜப்பான் செற்றென்றால் பற்றரியைக் கழற்ற முன் விசாரியுங்கள். மின்சாரம் போனதும் கடவெண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் செற்கள் இருக்கின்றன. சாதாரண கசற் செற்றில் பதிந்து வைத்த நிலையங்கள் அழிவதோடு சரி.

121இல் டாஷ்போர்ட்டின் நடுப்பலகை கிளிப்பில்தான் நிற்கிறது. பிளாஸ்ரிக் நெம்புகோலால், அல்லது துணி சுற்றிய தட்டையான கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து கிளப்புங்கள். ஆவேசமாக இழுத்துவிடாதீர்கள், ஹசார்ட் சுவிச்சின் வயர் பின்னால் பிடித்துக்கொண்டிருக்கும். நடுப்பலகை வந்ததும் 10 மில்லிமீற்றர் போல்ட் நான்கு தெரியும். அவற்றைக் கழற்றினால் செற் முன்னால் வரும். பின்னால் அன்ரனாவும் இரண்டு வெள்ளைக் கப்ளரும்: பத்து முள் உள்ளது, ஆறு முள் உள்ளது. நமக்கு வேண்டியது பத்து முள்ளில் இருக்கிறது. சாம்பல் நிற வயர் திறப்பைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவது, நீலத்தில் மஞ்சள் கோடுள்ளது எப்போதும் மின்சாரம் இருப்பது, மண்ணிறம் பூமி (கிரவுண்ட்). நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், முன்பு யாராவது வயரை மாற்றியிருக்கலாம். பற்றரியை மீண்டும் மாட்டி மல்ரிமீற்றரால் அளந்து பார்த்து, திரும்பக் கழற்றிவிட்டே தொடருங்கள்.

புளூடூத் பலகைக்கு மின்சாரத்தை சாம்பல் வயரிலிருந்தே எடுங்கள், இடையில் 1 அம்பியர் பியூஸ் வைத்து. பலகைக்கு வேண்டியது 5 வோல்ற்; 12ஐ 5 ஆக்குவதைக் கீழே சொல்கிறேன். நீல-மஞ்சளில் எடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பலகை 30 மில்லி அம்பியர் குடித்தாலும், கார் இரண்டு கிழமை நின்றால் 10 அம்பியர் மணி போய்விடும். சின்னப் பற்றரிக்கு அது மூன்றில் ஒரு பங்கு.

ஒலியை எங்கே கொடுப்பது

முழு வேலையிலும் நிதானம் வேண்டிய இடம் இது. கசற் தலையிலிருந்து வரும் ஒலி மிக மெல்லியது. முதலில் ஒரு ப்ரீ-அம்ப் ஐசி அதைப் பெருப்பித்து, நாடாவுக்கேற்றபடி கீழ்ச்சுருதியைத் தூக்கி, மேல்சுருதியை அடக்குகிறது. தலையின் வயரிலேயே போனின் ஒலியைக் கொடுத்தால் அது உடைந்து, தொப்பென்று கனத்து வரும். எனவே ப்ரீ-அம்புக்குப் பிறகு, கசற்றா சீடியா ரேடியோவா என்று தெரிவுசெய்யும் ஐசிக்கு முன்னால் கொடுக்க வேண்டும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வரைபடம் தேவையில்லை. பழைய கணினி ஸ்பீக்கர் ஒன்றின் வயரை எடுத்து, பூமியை செற்றின் தகரத்தில் கவ்வவிட்டு, ஒலி வயரின் நுனியில் 0.1 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒன்றை ஒட்டுங்கள். செற்றை மேசையில் 12 வோல்ற்றில் ஓடவிட்டு, நன்றாகத் தெரிந்த பாட்டுக் கசற் ஒன்றைப் போட்டு, அந்த நுனியால் கசற் பகுதியின் வயர் வந்து சேரும் இடத்திலிருந்து ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டு போங்கள். ஆரம்பத்தில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கும். ஒரு காலில் தொட்டதும் பாட்டு பளிச்சென்று வரும். செற்றின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஸ்பீக்கரில் அளவு மாறவில்லையென்றால் சரியான இடம். அதற்கடுத்து இடது பக்க ஒலிக்கு ஒன்றும் வலது பக்க ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு கப்பாசிற்றர்கள் நிற்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ப்ரீ-அம்ப் பக்கத்துக் காலை மட்டும் ஈயம் ஒட்டும் அயனால் சூடாக்கி மெல்லத் தூக்குங்கள். தூக்கிய காலில்தான் புளூடூத்தின் ஒலி வயர் வரும். காலைத் தூக்காமல் மேலேயே ஒட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அப்போது ப்ரீ-அம்ப் உங்கள் ஒலியைப் பாதியாகத் தின்றுவிடும். நாடாவின் உஸ்ஸென்ற சத்தமும் கலக்கும்.

இரண்டு வயரிலும் 4.7 கிலோ ஓம் தடையைத் தொடராகப் போடுங்கள். இன்னொன்றையும் அளந்துகொள்ளுங்கள்: மலிவான பலகைகள் சிலவற்றில் ஹெட்போனுக்கான பொது முனை பூமியே அல்ல. அதற்கும் பலகையின் மறை முனைக்கும் இடையில் ஒரு வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அதை செற்றின் தகரத்தோடு சேர்க்க வேண்டாம். வேறு பலகை வாங்குங்கள்.

கசற் போட்டால்தான் செற் கசற் நிலைக்கு மாறும். வெற்றுக் கசற் கூட்டைப் போட்டால் சில வினாடியில் வெளியே தள்ளிவிடும். சுருள் சுற்றுகிறதா என்று செற் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான் பழுதான கசற் அடாப்ரர் ஒன்றின் தலையையும் வயரையும் பிடுங்கிவிட்டு, பல்சக்கரங்களை மட்டும் விட்டு உள்ளே போட்டேன். தலையிலிருந்து இப்போது ஒலி எதுவும் போவதில்லை, ஆகவே இயந்திரம் சுற்றும் சத்தம் ஸ்பீக்கரில் வராது.

கீச்சென்ற அந்த இரைச்சல்

முதல்நாள் பலகைக்கு லைற்றர் யூ.எஸ்.பி. சார்ஜரிலிருந்து 5 வோல்ற் கொடுத்துப் பார்த்தேன். என்ஜின் நிற்கும்போது அருமை. என்ஜினை ஸ்ராட் செய்ததும் ஒரு கீச்சொலி. அக்சிலேற்றரை மிதித்தால் அதுவும் ஏறியது. எனக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் அதை நேரோட்டமாக்கினாலும், மிச்சமிருக்கும் அலை செய்தி வாசிப்பவரின் குரலுக்குப் பின்னால் பெடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். காரின் ஒல்ரர்நேற்றரும் அதே வேலையைத்தான் செய்கிறது, பெடலுக்குப் பதிலாக என்ஜின்.

அன்று பெரிய கப்பாசிற்றர் போட்டால் சத்தம் போய்விடும். அதே நினைவில் சாம்பல் வயரின் 12 வோல்ற்றை 5 ஆக்கும் 7805 ரெகுலேற்றரும் 1000 மைக்ரோபரட்டும் போட்டேன். கீச்சு குறைந்தது, ஆனால் போனில் பாட்டை நிறுத்தினால் டிக் டிக் என்று ஒரு நுண்ணிய சத்தம் கேட்டது. இரண்டு நாள் அதோடு கிடந்த பிறகுதான் விளங்கியது. பலகைக்கு பூமி இரண்டு வழியால் போகிறது: ஒன்று மின்சார வயரால், மற்றது ஒலி வயரின் உறையால். புளூடூத் சிப் விட்டுவிட்டு மின்சாரம் குடிக்கும்போது அதில் ஒரு பங்கு ஒலியின் பூமியாலேயே திரும்புகிறது. செற் அதையும் ஒலியென்றே எடுத்துப் பெருப்பிக்கிறது.

மருந்து ஒரு சின்னக் கறுப்புக் கட்டி, பெயர் B0505S-1W. 5 வோல்ற்றை உள்ளே வாங்கி, இடையில் நுண்ணிய ட்ரான்ஸ்போமரால் பிரித்து, காரோடு தொடர்பே இல்லாத இன்னொரு 5 வோல்ற்றைக் கொடுக்கும். 7805க்குப் பிறகு இதை வைத்து, வெளிப்பக்கத்தில் 10 மைக்ரோபரட் போட்டு, பலகைக்குக் கொடுங்கள். இப்போது பூமிக்கு ஒரே வழிதான், செற்றின் ஒலிப் பூமி. இது கிடைக்காவிட்டால் ஒலி வயரில் பூட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேற்றரும் உதவும். ஆனால் மலிவானவற்றின் ட்ரான்ஸ்போமர் சின்னது, தவிலின் தொப்பிப் பக்கம் மெலிந்துவிடும்.

பலகையை செற்றின் தகரத்துக்குள் வைக்காதீர்கள், போனின் சிக்னல் உள்ளே நுழையாது. உறையுள்ள ஒலி வயரை ஒரு அடி நீளத்துக்கு வெளியே எடுத்து, பலகையைப் பஞ்சுத் துண்டில் சுற்றி, டாஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் பிளாஸ்ரிக்கோடு கட்டுங்கள்.

பூட்ட முன், செற் வெளியே தொங்கும்போதே சோதியுங்கள். ஹசார்ட் கப்ளரை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைற், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டு, போனில் பாட்டை நிறுத்தி, செற்றின் சத்தத்தை முக்கால்வாசிக்குத் திருப்பிக் காதைக் கொடுங்கள். அக்சிலேற்றரை ஒருமுறை மிதியுங்கள். எதுவும் கேட்காவிட்டால் போல்ட்டை இறுக்கலாம்.

மூட முன் ஒரு சின்னக் கடதாசியில் எந்தக் கப்பாசிற்றர்களின் காலைத் தூக்கினீர்கள், பியூஸ் எங்கே இருக்கிறது என்று எழுதி, தேதி போட்டு, செற்றின் மேல்மூடிக்கு உள்ளே ஒட்டிவிடுங்கள். மாஸ்ரரின் செற்றில் நான் எழுதி ஒட்டியது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.