பழைய தமிழ்க் கோப்புகளை மின்னூலாக்குதல்

பெங்களூரில் ஹலசூர், ஸ்ரீராமபுரம் பக்கத்து டி.டி.பி. கடையில் என்றோ தட்டச்சு செய்து வாங்கிய விழா மலரையோ, வீட்டுப் பெரியவர் எழுதிய நினைவுக் குறிப்பையோ அமேசானின் மின்னூல் வாசிப்பானான கிண்டிலில் படிக்க விரும்புபவர், முதலில் அந்தக் கோப்பின் எழுத்துருவைப் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருந்தால், திரையில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே பதிந்திருக்கும். எழுத்துரு விலகியவுடன் அவையே வெளிப்படும். ஆகவே என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியின் மூலம் முழு உரையையும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள்.

கையில் பி.டி.எஃப். மட்டுமே இருந்தால் சிரமம் கூடும். ஏ4 பக்கம் ஆறு அங்குலத் திரையில் கண்ணை வருத்தும் என்பதோடு, அதிலிருந்து நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி, 'கொடி' என்பது 'ெகாடி' என வருவதும் உண்டு. அப்படி வந்தால் ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, பக்கங்களைப் படமாக்கி, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து உரையை எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்ப்பதே நல்லது. மெய்ப்புப் பார்க்காமல் வெளியிடுவது எழுதியவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

அடுத்து, வேர்டில் ஒவ்வோர் இயலின் தலைப்புக்கும் 'ஹெடிங் 1' பாணியைக் கொடுங்கள். எழுத்தைத் தடிமனாக்கினால் மட்டும் போதாது, ஏனெனில் பொருளடக்கம் அந்தப் பாணியைக் கொண்டே உருவாகிறது. பக்க எண்களையும், இடைவெளிக்காக அடுக்கிய வெற்று வரிகளையும் நீக்கிவிடுங்கள். கவிதை வரிகளை ஷிப்ட், என்டர் விசைகளைச் சேர்த்தழுத்தி முறித்தால், வரிகள் தனித்தனிப் பத்திகளாகச் சிதறாமல் கண்ணிகள் ஒன்றாக நிற்கும்.

மின்னூல்களை மாற்றும் இலவச மென்பொருளான காலிபரில் அந்த வேர்டு (டாக்எக்ஸ்) கோப்பைச் சேர்த்து, நூற்பெயர், ஆசிரியர், மொழி ஆகியவற்றை நிரப்பி, ஈபப் என்னும் மின்னூல் வடிவுக்கு மாற்றுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத வாசிப்பான்களில் வெறும் கட்டங்களே தெரியும் என்பதால், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவை நூலுக்குள்ளேயே பொதித்துவிடுவது பாதுகாப்பானது. கோப்பைக் கிண்டிலுக்கு அனுப்ப உதவும் அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை 2022 முதல் ஈபப் கோப்பையே ஏற்பதால், மோபி என்னும் பழைய கிண்டில் வடிவுக்கு இனித் தேவையில்லை. கருவியில் திறந்ததும் பொருளடக்கத்தின் இணைப்புகளையும், ஸ்ரீ, க்ஷ வரும் சொற்களையும், கவிதைப் பக்கம் ஒன்றையும் சரிபாருங்கள். பிழை தெரிந்தால் ஈபப்பைத் தொடாமல் வேர்டு கோப்பில் திருத்தி மீண்டும் மாற்றுங்கள்.