முதலாளி நல்லவர்தான், கணக்கு எங்கே? மலைத்தோட்டங்களில் இரு தரப்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் முதலாளியின் குணத்தைத்தான் சொல்வார்கள். "நல்ல மனுஷன், கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாரு." முதலாளியைக் கேட்டால் "எல்லாம் நம்ம வீட்டு ஆளுங்க மாதிரிதான்" என்பார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கூலியும் உரிமையும் இந்தப் பாசத்துக்குள் போய்க் கலந்துவிட்டால், பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. தோட்டங்களில் நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்கின.

முன்பணத்தையே எடுத்துக்கொள்வோம். வீரபாண்டித் திருவிழாவுக்கு, பிள்ளைக்குப் பள்ளி திறக்க, மகள் சடங்குக்கு என்று வாங்குகிறோம். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறார்கள். காய் எடுப்பு முடியும்போது மீதி எவ்வளவு என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. வேறு தோட்டத்தில் பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று ஆள் கிளம்பினால், முதலாளிக்கு அது துரோகமாகத் தெரிகிறது. தொழிலாளிக்கோ 'எப்பவோ கழிச்சாச்சே' என்று வயிறு எரிகிறது. கொடுத்த அன்றே தொகையையும் வாரக் கழிவையும் இரண்டு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச்சே வந்திருக்காது. இதில் முதலாளிமார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கடனைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கடன் பாக்கி இருந்தால் கடனாக வசூலிக்கலாம், ஆளைத் தடுக்கக் கூடாது. ஆதார் அட்டையையும் சான்றிதழையும் 'பத்திரமாக' வாங்கி வைத்துக்கொள்ளும் ரிசார்ட், ஹோட்டல் பழக்கத்துக்கும் இதே பதில்தான். நகல் போதும், அசலைத் திருப்பிக் கொடுங்கள்.

தேயிலைப் பக்கம் வந்தால் எடைதான் சிக்கல். தேவிகுளம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மகனுடைய பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பின்பக்கங்களில் தேதி, காலை எடை, மாலை எடை என்று தினமும் எழுதி வருகிறார். மழை நாளில் நனைந்த கொழுந்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதற்குத் தனியாக ஒரு கட்டம். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்ததும், வேலையை மேற்பார்க்கும் தோட்டக் கண்டக்டரிடம் சத்தம் போடுவதில்லை. "சார், பதினேழாம் தேதி சாயங்கால எடை விட்டுப் போயிருக்கு" என்று நோட்டை நீட்டுவார். அவரும் பதிவேட்டைப் பார்த்துத் திருத்திக் கொடுத்துவிடுவார். அந்த நோட்டால் அவர்களுக்குள் உறவு கெட்டுப்போகவில்லை, நல்லபடியாகத்தான் இருக்கிறது. எழுதி வைத்தால் முதலாளி தப்பாக நினைப்பார் என்று பயந்து எழுதாமல் விடுவது நம் ஆட்கள் செய்கிற பெரிய தவறு.

நிர்வாகங்கள் செய்யும் பெரிய தவறு, காரணம் சொல்லாமல் முடிவை அறிவிப்பது. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் சாலையில் அமர்ந்தது இதனால்தான். முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது. தங்கள் பெயரில் பேசிய தொழிற்சங்கத் தலைவர்களையே அருகில் விடாமல், 'பொம்பிளை ஒருமை' என்று திரண்டு நின்று 20 சதவீதத்தைத் திரும்ப வாங்கினார்கள். அதன் பிறகு நாள்கூலியும் 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்கள் கோபத்தில் பணம் மட்டும் இல்லை, எங்களிடம் யார் பேசினார்கள் என்ற கேள்வியும் இருந்தது. சங்கத்தில் சேர்ந்துவிட்டால் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்கி இருப்பதும் தவறுதான் என்பதையும் அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

பி.எஃப். விஷயத்தில் கவனக்குறைவு ரொம்ப அதிகம். கூலியில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும். பிடித்ததைக் கட்டினார்களா என்று பலர் பார்ப்பதே இல்லை. அப்புறம், பெயர். நாம் முன்னால் போடும் இனிஷியலை அலுவலகத்தில் பின்னால் போடுவார்கள். மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போகும்போது எழுத்தும் மாறும். ஆதாரில் ஒன்று, பி.எஃப். கணக்கில் ஒன்று என்று ஆகிவிட்டால், ஓய்வுபெறும் நேரத்தில் பணம் நின்றுபோகும். பெயர் திருத்த விண்ணப்பத்துக்கு நிர்வாகத்தின் ஒப்புதலும் தேவைப்படலாம் என்பதால், தோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். பீர்மேடு பக்கம் மூடிக்கிடக்கும் தோட்டங்களில் எந்த அலுவலகத்தைப் போய்த் தட்டுவது?

வேலையை விடும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அப்படித்தான். அதை முதலாளி மனம் வைத்துக் கொடுக்கும் பரிசாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு, புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் மாறவில்லை. கடைசி நாள்கூலி 450 ரூபாய், 20 ஆண்டு வேலை என்றால் 1,35,000 ரூபாய். நிரந்தர வேலையில் குறைந்தது ஐந்து ஆண்டு முடித்திருக்க வேண்டும், இறந்துவிட்டாலோ ஊனமாகிவிட்டாலோ அந்த நிபந்தனை கிடையாது. வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கையில் வாங்கும்போது, 'எல்லாப் பாக்கியும் தீர்ந்தது' என்று மலையாளத்தில் அச்சடித்த தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருபது வயது சூப்பர்வைசர், அம்மா வயதுப் பெண்ணை "ஏய், இங்க வா" என்று கூப்பிடுகிற தோட்டத்தில் வேறு எந்த நல்ல ஏற்பாடும் நிற்காது. "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று சொல்ல நிர்வாகத்துக்குக் காசு எதுவும் செலவாகாது.

விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்துவிட்டார், இனி எதற்குப் புகார் என்று விடுகிறவர்கள் அதிகம். வேலையின்போது காயமோ மரணமோ நேர்ந்தால், முதலாளி மீது தவறே இல்லாவிட்டாலும் பொதுவாக இழப்பீடு அவர் பொறுப்பு. தோட்டத்து வண்டியில் போகும்போது நடந்த விபத்தையும் வேலையின் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டு நீதிமன்றங்கள் இழப்பீடு கொடுத்திருக்கின்றன. இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் கொடுத்திருக்கிறது. தேதி போட்டு எழுதி, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.