எழுவாயை விழுங்காதீர்கள்: ஆங்கில வாக்கியம் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால், பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பகுதி இளைஞர்களில் சிலர் அந்த இடைவெளியில் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் புறப்படக் காத்திருக்கும் கீழக்கரைக்காரர்களும், இராமேசுவரத்தில் வடமாநில யாத்திரிகர்களோடு பேசிப் பிழைக்கும் விடுதி ஊழியர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். தொழிலும் வயதும் வேறுபட்டாலும் வாக்கியத்தில் இவர்கள் இடறும் இடங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. படிக்கத் தொடங்கிய காலத்தில் நான் இடறியதும் அங்கேதான். எழுத்துப் பிழை, உச்சரிப்பு, 'எஸ்' விடுபடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சுட்டிக்காட்டித் திருத்திவிடுவார்கள்.

எழுவாயை விழுங்குவது

தமிழில் 'வந்தேன்' என்பது முழு வாக்கியம். வந்தவர் யார் என்பதை 'ஏன்' விகுதியே சொல்லிவிடுவதால் 'நான்' தேவைப்படுவதில்லை; இதைத் தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆங்கில வினைக்கு இந்த வசதி கிடையாது. 'கேம்' என்று மட்டும் சொன்னால் வந்தது நானா, நீயா, அவர்களா என்று தெரியாது. 'வில் பே' என்று மட்டும் எழுதினால் பணம் கொடுக்கப்போவது யார் என்றும் தெரியாது. வினை காட்டாததை எழுவாய்தான் காட்ட வேண்டும் என்பதால், அதை விட்டுவிட அந்த மொழி இடம் கொடுப்பதில்லை.

இராமேசுவரம் கோயிலுக்கு அருகே ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த மாணவர் ஒருவர், வடக்கிலிருந்து வரவிருந்த ஒரு குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினார்: 'ரிசீவ்ட் அட்வான்ஸ். வில் பே ஃபுட் செப்பரேட்லி.' முன்பணம் கிடைத்துவிட்டது, சாப்பாட்டுக்கு நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் சொல்ல நினைத்தது. முதல் வாக்கியத்தில் மறைந்திருப்பது 'நாங்கள்', இரண்டாவதில் மறைந்திருப்பது 'நீங்கள்'. தமிழில் எழுதியிருந்தால் 'பெற்றுக்கொண்டோம்', 'கொடுப்பீர்கள்' என்று விகுதி மாறி ஆளைக் காட்டியிருக்கும். எழுவாய் இல்லாத ஆங்கிலக் குறுஞ்செய்தியைப் படிப்பவர்களோ, பெரும்பாலும் எழுதியவரையே எழுவாயாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குடும்பமும் அப்படியே எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுச் செலவை விடுதி தனியாக ஏற்கிறது என்று மகிழ்ந்து, விரும்பியதையெல்லாம் அறைக்கே வரவழைத்துச் சாப்பிட்டது. கணக்கு முடிக்கும் நாளில் கைபேசியை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினார்கள். உரிமையாளர் வாதாடிப் பார்த்து, பிறகு அவர்களை அனுப்பிவிட்டு, அந்தத் தொகையை மாணவரின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். விடுபட்டது 'யூ' என்னும் ஒரு சொல்.

இதைச் சொன்ன பிறகும் 'புரிந்தால் போதும் சார், கிராமர் எதற்கு?' என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நேரில் பேசும்போது விடுபட்ட எழுவாயை முகமும் கையசைவும் நிரப்பிவிடும். வேலைக்கான மின்னஞ்சலிலும் படகுக் காப்பீட்டு விண்ணப்பத்திலும் அந்த உதவி கிடைக்காது. யார் செய்தார், யார் செய்வார் என்பதுதான் அங்கே கேள்வியே.

'கம் ஹியர்', 'பே அட் தி கவுண்ட்டர்' போன்ற ஏவல் வாக்கியங்களில் எழுவாய் இல்லையே என்று மடக்குவார்கள். ஏவலில் 'யூ' தொக்கி நிற்பது அந்த மொழியின் மரபு. வினைக்கு முன்னால் 'வில்' வந்த உடனே அது ஏவல் என்ற நிலையிலிருந்து விலகிவிடுகிறது, எழுவாயும் கட்டாயமாகிவிடுகிறது. 'விடிந்துவிட்டது', 'குளிர்கிறது' என்று நாம் எழுவாயே இல்லாமல் சொல்லும் இடத்தில்கூட ஆங்கிலம் 'இட்' என்ற வெற்று எழுவாயை நிறுத்தி 'இட் இஸ் கோல்டு' என்கிறது. சுட்டுவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் அந்த இருக்கை காலியாக இருக்கக் கூடாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு முற்றுவினையின் கீழும் பென்சிலால் கோடிட்டு, 'யார்?' என்று கேளுங்கள். பதில் தாளில் இருக்க வேண்டும். உங்கள் மனத்தில் இருப்பது கணக்கில் வராது.

வினையே இல்லாத வாக்கியம்

'இந்தப் பாலம் பழையது' என்பதில் வினை இல்லை; பெயரே பயனிலையாக நிற்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் பாம்பனில் சுற்றுலாப் பயணிகளிடம் 'திஸ் பிரிட்ஜ் ஓல்டு, 1914 ஓபனிங். தட் பிரிட்ஜ் நியூ, 2025 ஓபனிங்' என்கிறார்கள். 'திஸ் பிரிட்ஜ் இஸ் ஓல்டு. இட் ஓபன்ட் இன் 1914' என்பதே வாக்கியம். கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருப்பதைச் சொல்ல 'டெம்பிள் இன்சைட் 22 வெல்ஸ்' போதாது. 'தேர் ஆர் 22 வெல்ஸ் இன்சைட் தி டெம்பிள்' என்று வினையோடு சொல்ல வேண்டும். இதைத் திருத்திய மறுவாரமே எல்லா இடத்திலும் 'ஆம்' சேர்த்து 'ஐ ஆம் அக்ரீ' என்று வந்து நிற்பவர்களும் உண்டு. 'அக்ரீ' ஏற்கெனவே வினை. அதற்குத் துணை வேண்டாம்.

'டிட்' வந்த பிறகும் இறந்தகாலம்

'டிட் நாட் வென்ட்' தவறு, 'டிட் நாட் கோ' சரி. இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சொல்லிவிட்டது.

எச்சங்களை 'இங்' ஆக்குவது

'கடலுக்குப் போய், வலை விரித்து, நண்டு பிடித்து, கரைக்கு வந்து விற்றோம்' என்பதில் முற்றுவினை கடைசியில் ஒன்றே ஒன்று. முன்னால் வருபவை எல்லாம் வினையெச்சங்கள். எச்சத்துக்கு ஒரு 'இங்' என்று கணக்குப் போட்டு 'கோயிங் சீ, புட்டிங் நெட், கேச்சிங் கிராப், கமிங் ஷோர், வி சோல்டு' என்று எழுதுகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததுபோல் அது குழம்பிக் கிடக்கும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்த செயல்களை ஆங்கிலம் ஒரே காலத்து வினைகளாக வரிசைப்படுத்துகிறது: 'வி வென்ட் டு சீ, காஸ்ட் தி நெட், காட் கிராப்ஸ், கேம் பேக் அண்ட் சோல்டு தெம்.' எழுவாய் எல்லா வினைக்கும் ஒன்றாக இருப்பதால் 'வி' ஒருமுறை வந்தால் போதும். நடுவில் ஆள் மாறினால், விற்றது நாமல்ல, தரகர் என்றால், அங்கே புதிய எழுவாயைக் கட்டாயம் எழுத வேண்டும். விடுதிக்காரர் கதை இங்கேயும் பொருந்தும்.

'பிகாஸ்' உடன் 'ஸோ'

'பிகாஸ் தி சீ வாஸ் ரஃப், ஸோ வி டிட் நாட் கோ' என்பதில் இரண்டில் ஒன்றை வெட்டுங்கள். 'பிகாஸ் தி சீ வாஸ் ரஃப்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டால், 'கடல் சீற்றமாக இருந்ததால்' என்று சொல்லிவிட்டு எழுந்து போவதற்குச் சமம்.

கேள்வியின் வரிசை

'வென் யூ வில் கம்?' அல்ல, 'வென் வில் யூ கம்?'

ஆங்கிலத்தின் 12 காலங்களை (டென்ஸ்) காட்டும் அட்டவணை

சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்ய வேண்டாம். அன்றாடம் நடப்பது, நேற்று நடந்தது, 'வில்' சேர்த்து நாளை நடக்கப்போவது ஆகிய மூன்றிலும் எழுவாயும் முற்றுவினையும் விடுபடாமல் எழுத வந்த பிறகு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.