கழுத்து, தோள் பிடிப்புக்கு வீட்டிலேயே மசாஜ்: எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம்

"இங்கேதான் வலிக்குது" என்று காட்டியதும் நேராக அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றி அழுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. எடுத்த எடுப்பில் அழுத்தினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். செய்பவர் கூடுதல் பலம் கொடுப்பார், படுத்திருப்பவர் பல்லைக் கடிப்பார், மறுநாள் தோள் கன்றிப்போயிருக்கும். மசாஜில் அழுத்தம் கடைசியாக வரவேண்டியது. அதற்கு முன்னால் செய்யும் வேலையில்தான் பாதிப் பலன் இருக்கிறது.

சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளில் தொக்கணம் எனப்படும் மசாஜ் ஒன்று. அதில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என 9 வகை. ஸ்வீடிஷ் மசாஜில் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிரவைத்தல் என 5. இந்த ஐந்தையும் ஒழுங்குபடுத்தியவராக அறியப்படுபவர் 19ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர். வீட்டில் நீவுதல், பிசைதல், அழுத்துதல் மூன்றும் கைவந்தால் போதும். முறுக்கல், இழுத்தல், மல்லாத்துதல் எல்லாம் முறையாகப் பயின்றவர் கையில் மட்டுமே இருக்கட்டும்.

முதலில், யாருக்குச் செய்யக்கூடாது

இடது தோள், கை, தாடை என்று வலி பரவி, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் அது தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அதை நீவினால் கட்டி கிளம்பி நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. காய்ச்சல், தோலில் புண், எலும்பு முறிவுச் சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். புதிதாகச் சுளுக்கிய இடத்தை முதல் 2, 3 நாள் தேய்க்கக்கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆழ அழுத்தினால் உள்ளே ரத்தம் கசியும்.

நீண்ட நாள் சர்க்கரை நோயில் உணர்ச்சி மரத்துப்போனவர்களிடம் தனிக் கவனம் வேண்டும். "வலிக்கலை, இன்னும் நல்லா அழுத்து" என்பார்கள். அந்தப் பேச்சை வைத்து அழுத்தத்தைக் கூட்டாதீர்கள்.

எண்ணெயும் உட்காரும் விதமும்

கழுத்துக்கும் தோளுக்கும் 1 முதல் 2 டீஸ்பூன் நல்லெண்ணெய் தாராளம். கிண்ணத்தில் ஊற்றி வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள். அடுப்பில் நேரடியாக வைத்தால் சூடு கணக்குத் தெரியாது. எண்ணெய் கூடினால் கை வழுக்கும், தசை பிடிபடாது, பிடிப்பதற்காக விரல்நுனியால் கிள்ளத் தொடங்குவீர்கள். நீவ எண்ணெய் வேண்டும், பிசையக் கொஞ்சம் போதும், ஒரே புள்ளியில் அழுத்தும்போது துடைத்துவிடுவதே நல்லது. கற்பூரம் கலந்த தைலத்தைக் குழந்தைகளுக்குப் பூசாதீர்கள்; உடலுக்குள் போனால் வலிப்பு வரவைக்கும்.

நாற்காலியில் மேசையைப் பார்த்து உட்காரவைத்து, மேசைமேல் தலையணை போட்டு, மடித்த கைகளின்மேல் நெற்றியைச் சாய்க்கச் சொல்லுங்கள். தலையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்வரை கழுத்துத் தசை தளராது. நீங்கள் பின்னால் ஒரு காலை முன்வைத்து நில்லுங்கள். அழுத்தம் உங்கள் உடல் சாய்வதிலிருந்து வரவேண்டும். விரல்பலத்தில் செய்தால் பத்து நிமிடத்தில் கட்டைவிரல் மூட்டு வலிக்கத் தொடங்கும். உள்ளங்கை, முன்கை, மடக்கிய விரல்முட்டி ஆகியவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

செய்முறை

முதல் 3, 4 நிமிடம் நீவுதல் மட்டும். இரு உள்ளங்கைகளையும் முழுதாகப் பதித்து, கழுத்தின் அடியிலிருந்து தோள் முனைவரை மெதுவாக, அங்கிருந்து தோள்பட்டை எலும்பைச் சுற்றித் திரும்ப. கை தோலைவிட்டு எழக்கூடாது. தசை வெதுவெதுப்பாகி, மூச்சு நிதானமாவது தெரியும். (கை, கால்களில் என்றால் விரலிலிருந்து இதயத்தை நோக்கி நீவுங்கள்; முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியில் அழுத்தம் வேண்டாம்.)

அடுத்தது பிசைதல். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தடித்திருக்கும் ட்ரபீசியஸ் தசையை, பின்பக்கம் கட்டைவிரல் மேடும் முன்பக்கம் நான்கு விரல்களின் அகலமும் படும்படி சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவைத் திரட்டுவதுபோல எலும்பிலிருந்து சற்றே தூக்கி, இறுக்கி, விடுங்கள். இரு கைகளும் மாறி மாறி, ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம். முன்பக்க விரல்கள் காறை எலும்பை (கழுத்துக்குக் கீழே முன்பக்கம் குறுக்காக ஓடும் எலும்பு) தாண்டி இறங்கக்கூடாது.

இப்போது அழுத்துதல். பிசையும்போதே கயிறுபோல ஒரு இழையும், அதில் தொட்டால் சுருக்கென்று வலிக்கிற முடிச்சும் தட்டுப்படும். ட்ரபீசியஸின் மேற்பகுதியில் இருக்கும் முடிச்சை அழுத்தினால் வலி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதுக்குப் பின்னால் போய், நெற்றிப்பொட்டில் தெரியலாம். தலைவலி என்று வந்தவருக்கும் தோளில் கைவைப்பது இதனால்தான். 10-க்கு 5 அளவு வலி தெரியும்வரை மெதுவாக அழுத்தி, அங்கேயே நிறுத்துங்கள். 30 முதல் 60 விநாடியில் வலி தானாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள். கூட்டாதீர்கள், பாதியாகக் குறையுங்கள். ஒரு முடிச்சுக்கு 2, 3 முறைக்கு மேல் வேண்டாம். இந்த முடிச்சுகளை விரிவாக ஆராய்ந்த ஜேனட் ட்ராவெல், டேவிட் சைமன்ஸ் இருவரும் முதலில் பலமான அழுத்தத்தையே பரிந்துரைத்தார்கள். அவர்கள் நூலின் 1999 பதிப்பில் அது மென்மையான அழுத்தமாக மாறியது. நம் ஊரில் "வலித்தால்தான் விடும்" என்கிற நம்பிக்கை இன்னும் மாறவில்லை.

தலையைத் திருப்பவே முடியவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் லெவேட்டர் ஸ்கேபுலா என்கிற தசை பிடித்திருக்கும். தோள்பட்டை எலும்பின் உட்பக்க மேல்முனையைத் தடவிக் கண்டுபிடியுங்கள். தசை அங்கேதான் முடிகிறது. விரலும் தோலும் சேர்ந்து நகரும்படி, இழைக்குக் குறுக்காக 1 செ.மீ. அளவுக்கு முன்னும் பின்னும் 1 நிமிடம் தேயுங்கள். தோல்மேல் விரல் வழுக்கினால் சிராய்ப்புதான் மிஞ்சும்.

மண்டையின் பின்கீழ் விளிம்புக்கு, மல்லாந்து படுக்கவைப்பது சிறந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து, விரல்நுனிகளை விளிம்புக்குக் கீழே மேல்நோக்கி நிறுத்தி, தலையின் பாரம் அவற்றின்மேல் இறங்க 2 நிமிடம் சும்மா காத்திருங்கள். கணினி முன்னால் நாள் முழுக்க இருப்பவர்களுக்கு இந்த 2 நிமிடம் மற்ற எல்லாவற்றையும்விட இதமாக இருக்கும்.

கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடமும் கை படக்கூடாதவை. அங்கே அழுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து மயக்கம் வரலாம். முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதையும் தயவுசெய்து ஏற்காதீர்கள். கழுத்தெலும்புக்குள் ஓடும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

முடிக்கும்போது மறுபடி 2 நிமிடம் நீவி, தோளை மேலே தூக்கி இறக்கவும், தலையை வலமிடமாக மெதுவாகத் திருப்பவும் 5 முறை சொல்லுங்கள். மொத்தம் 20 நிமிடம். அடுத்த நாள் லேசான உளைச்சல் இருப்பது இயல்பு. தோல் நீலம் பாரித்திருந்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது. மசாஜ் உடலின் நச்சை வெளியேற்றும் என்று விளம்பரங்கள் சொல்வதற்கு ஆதாரமில்லை. வலி தணிவது, அசைவு எளிதாவது, மனம் அமைதியாவது ஆகியவையே கிடைக்கும் பலன். அந்தப் பலனும் சில நாள்தான் நிற்கும். கணினித் திரை கண்மட்டத்துக்கு உயராவிட்டால் அதே முடிச்சு அதே இடத்தில் திரும்ப வரும்.

2 நாள் இடைவெளியில் 3 முறை செய்தும் மாற்றமில்லை, அல்லது வலி கைக்கு இறங்கி விரல்கள் மரத்துப்போகின்றன, பிடித்த பொருள் நழுவுகிறது என்றால் நரம்பு அழுந்தியிருக்கலாம். மசாஜை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள்.