மீனவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தரும்போது செய்யக்கூடாத தவறுகள்

எடுத்த எடுப்பில் சராசரியைச் சொல்லித்தருவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு படகின் ஐந்து நாள் மீன்பாடு 4, 6, 5, 3, 82 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 20. அந்த ஐந்து நாளில் ஒருநாள்கூட 20 கிலோவை ஒட்டி எதுவும் கிடைக்கவில்லை. வீட்டுச் செலவைத் திட்டமிட அந்த எண் உதவாது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் வரும் 5 கிலோவைக் காட்டுங்கள். வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்பது அதில் தெரியும்.

அடுத்தது, கிலோவை மட்டும் எழுதச் சொல்வது. எத்தனை மணி நேரம், எத்தனை வலை, எந்தப் பக்கம் என்பது இல்லாத கணக்கு ஏமாற்றிவிடும். வெறும் வலையோடு திரும்பிய நாளையும் பூஜ்யம் என்று எழுத வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லித்தருகிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அது இன்னும் மோசம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1980களில் கரையோரச் சிறு படகுக்காரர்கள் காட் மீன் குறைகிறது, சிறுத்தும் வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெரிய இழுவைக் கப்பல்களோ மிச்சமிருந்த கூட்டங்களைத் தேடிப்போய் அள்ளின. அதனால் அவற்றின் பாடு குறையவில்லை. கடலில் மீன் எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பீடுகள் அந்தக் கப்பல்களின் கணக்கைப் பெரிதும் நம்பின. 1992இல் காட் பிடிக்கவே தடை வந்தது. யாரிடம், எங்கே எடுத்த கணக்கு என்று கேட்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

உயிரோடு விளையாடும் தவறும் ஒன்று உண்டு. முன்னறிவிப்பில் 'அலை உயரம் 2 மீட்டர்' என்றால் அதுதான் உச்சம் என்று விட்டுவிடுவது. பொதுவாக அங்கே தருவது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று கிட்டத்தட்ட 4 மீட்டர்கூட எழும்பலாம். வகுப்பில் வேறெதற்கும் நேரமில்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மீனைத் தரம் பிரித்து விற்கும் பெண்களைக் கூப்பிட மறக்காதீர்கள். எந்த மீன், என்ன அளவு, என்ன விலை என்ற கணக்கு பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். எழுதிய கணக்கு யார் கைக்குப் போகும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வரிக்கோ தடைக்கோ பயன்படும் என்று சந்தேகம் வந்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.