சீரியல் லைட் பாதியில் நின்றுபோகாமல் இருக்க: விழா அலங்காரத்துக்கு முன்கூட்டியே திட்டமிடுவது எப்படி?

போன முறை விழாவுக்கு முந்தின இரவு ஸ்டூலில் ஏறி நிற்கிறேன், சன்னலின் கீழ்ப்பக்கம் சுற்றுவதற்குள் சரம் தீர்ந்துவிட்டது. வாங்கும்போது அளந்துதான் வாங்கினேன். எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடித்த பிறகு இந்த முறையில்தான் செய்கிறேன். நான்கு வாரம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

1. பழையதைச் சோதியுங்கள். பரணில் இருக்கும் சரங்களை இறக்கி, ஒவ்வொன்றையும் கால் மணி நேரம் எரியவிடுங்கள். சூடேறிய பிறகு அணைகிற சரம் அப்போதுதான் பிடிபடும். ஒரு பகுதி மட்டும் எரியவில்லை என்றால், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே பல்பு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வயரின் உறை கிழிந்திருந்தால் டேப் சுற்ற வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

2. ப்ளக் பாயிண்டிலிருந்து அளந்துபாருங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். என் சன்னலின் சுற்றளவு 5.4 மீட்டர், வாங்கியது 6 மீட்டர் சரம். அதில் முதல் 1.5 மீட்டர் பல்பே இல்லாத வெறும் வயர். எரிகிற நீளம் 4.5 மீட்டர்தான். சில பெட்டிகளில் பல்பு உள்ள நீளத்தை மட்டும் போடுகிறார்கள், சிலவற்றில் வெறும் வயரையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

அதனால் அளக்கும் டேப்பை விட்டுவிட்டு ஒரு சணல் கயிற்றை எடுங்கள். ப்ளக் பாயிண்டில் தொடங்கி, வயர் போகப்போகிற வழியிலேயே, மூலை முடுக்கெல்லாம் வளைத்துக் கொண்டுபோங்கள். முதல் பல்பு வர வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு, கடைசிப் பல்புக்கு இன்னொரு முடிச்சு. ப்ளக்கிலிருந்து முதல் முடிச்சு வரை ஓர் அளவு, இரண்டு முடிச்சுக்கும் நடுவே ஓர் அளவு. கடைக்கு இந்த இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள்.

3. எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள். வார்ம் ஒயிட் என்று எழுதியிருந்தாலும் இரண்டு தயாரிப்புகளின் நிறம் ஒத்துப்போகாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தும். வெளியே மாட்டுவதற்குக் குறைந்தது ஐபி44 குறியீடு (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான அடையாளம்) வேண்டும். ஒன்றோடொன்று எத்தனை சரம் இணைக்கலாம் என்பது லேபிளில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். என்னைக் கேட்டால், பல வண்ணம் மாறி மாறி மின்னும் சரத்தைவிட நிலையாக எரியும் எல்இடியும் ஒரு டைமர் ப்ளக்கும் போதும். வீடே அமைதியாக, அழகாகத் தெரியும்.

4. மாட்டுங்கள். ஆணி வேண்டாம், ஒட்டுக் கொக்கியே போதும். சுவரை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டி, அரை நிமிடம் அழுத்துங்கள். ஒரு மணி நேரம் கழித்தே சரத்தைத் தொங்கவிடுங்கள்.

பிற்சேர்க்கை: கொக்கி பெயின்ட்டோடு உரிந்து வந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். புதிதாக பெயின்ட் அடித்த சுவர் என்றால் ஒரு வாரமாவது காயவிடுங்கள். கழற்றும்போது கொக்கியின் பின்னால் இருக்கும் ஒட்டும் பட்டையை முன்பக்கம் இழுக்காமல், சுவரை ஒட்டியபடியே மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள்.

இன்னொருவருக்கு எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகியிருக்கிறது. சுருட்டிய வயரில் வெப்பம் வெளியேற வழியில்லை. முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், விழா முடிந்து கழற்றும்போது சரத்தை ஓர் அட்டைத் துண்டில் சுற்றி, ‘முன் சன்னல், வயர் 2 மீட்டர், விளக்கு 5.4 மீட்டர்’ என்று அதன்மேலேயே எழுதிவையுங்கள். பேட்டரி விளக்கு என்றால் பேட்டரியைக் கழற்றிய பிறகே பரணில் ஏற்றுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.